மழைக்காற்று குவித்த மணல்

நிலம் மாறிய கதை – 11

கட்ச் பகுதியில் 1819-ஆம் ஆண்டு வந்த நிலநடுக்கம், ஒரே மாலைப்பொழுதில் அல்லா பந்த் என்ற நீண்ட மேட்டை எழுப்பிவிட்டதைச் சென்ற இதழில் பார்த்தோம். அங்கிருந்து வடக்கே நகர்ந்தால் நிலத்தின் வேகமே வேறு. தார்ப் பாலையில் ஒரு மணல்மேடு எழும்புவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகலாம். எழும்பிய பிறகு பல்லாயிரம் ஆண்டுகள் அசையாமலும் கிடக்கலாம். ராஜஸ்தானின் மேற்குப் பாதி, அதை ஒட்டிய குஜராத், ஹரியானா, பஞ்சாப் ஓரங்கள், எல்லை தாண்டினால் பாகிஸ்தானின் சிந்து, சோலிஸ்தான் என்று சுமார் இரண்டு லட்சம் சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கும் இந்த மணலின் வயதென்ன என்ற கேள்விக்கு, நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒவ்வொருவர் ஒவ்வொரு பதில் சொல்லி வந்திருக்கிறார்கள்.

அந்தக் கேள்வி ஆய்வுக்கூடத்தை விட்டு அரசியலுக்குள் வந்தது சுதந்திரத்துக்குப் பிறகுதான். வெள்ளைக்காரன் போன கையோடு டெல்லிக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. பாலைவனம் கிழக்கே நகர்ந்து வருகிறது, ஐம்பது ஆண்டுகளாக ஆண்டுக்கு அரை மைல் வீதம் முன்னேறுகிறது, இப்படியே போனால் ஆக்ரா, அலிகர் வரை மணல் மூடிவிடும் என்று அன்றைய அறிக்கைகள் எழுதின. மத்திய உணவு அமைச்சராக இருந்த கே.எம். முன்ஷி 1950-இல் வன மகோற்சவத்தைத் தொடங்கிவைத்து, மரம் நடுவதைத் தேசியச் சடங்காக்கியிருந்த காலம் அது. 1952-இல் ராஜபுதனப் பாலைவனத்துக்கென்றே தனியாக ஓர் அறிவியல் கருத்தரங்கு கூடியது. அதே ஆண்டு ஜோத்பூரில் பாலைவனக் காடு வளர்ப்பு நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. அது 1959-இல் மத்திய வறண்ட நில ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்தது. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து 'காஸ்ரி' என்று இன்றைக்கும் அழைக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், பாலைவனத்தைத் தடுத்து நிறுத்துவதற்காக உருவான நிறுவனத்தின் ஆய்வாளர்கள், படம் வரைந்து, களத்தில் நடந்து பார்த்தபோது கண்டது படையெடுத்து வரும் மணலை அல்ல. பெரும்பாலான மேடுகள் நகரவே இல்லை. அவற்றின்மேல் புதரும் புல்லும் வேரோடியிருந்தன. உள்ளே வெட்டிப் பார்த்தால் சுக்கான்கல் முண்டு முண்டாகப் படிந்திருந்தது. சுக்கான்கல் ஓரிரு மழையில் உருவாகிவிடாது. மழைநீர் மண்ணிலிருக்கும் சுண்ணாம்பைக் கரைத்து உள்ளே இறக்கி, அது மறுபடி காய்ந்து இறுகி, இப்படிப் பல நூற்றாண்டுகள் நடந்தால்தான் அந்த முண்டுகள் திரளும். ஆக, இவை கிழட்டு மேடுகள். நகரும் மணலும் இல்லாமலில்லை. ஜெய்சல்மேருக்கு மேற்கே மழை 100 மில்லிமீட்டரை எட்டினாலே பெரிது என்ற பகுதியில், பிறை வடிவத்தில் மொட்டையாக நிற்கும் மேடுகள் கோடைதோறும் ஊர்ந்துகொண்டுதான் இருக்கின்றன. அங்கே அவற்றுக்கு 'த்ரியன்' என்று பெயர். ஆனால் அவை இருப்பது பாலையின் உள்பகுதியில். கிழக்கு எல்லையில், டெல்லியின் வாசலில் அல்ல.

அப்படியானால் அந்தக் கிழட்டு மேடுகளை எழுப்பியது யார், எப்போது?

முதல் பதில் கடல். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த டபிள்யூ.டி. பிளான்ஃபோர்ட் 1870-களில் இந்தப் பாலையைக் கடந்துபோய், சிந்துச் சமவெளிக்குள் ஒரு காலத்தில் கடல் நுழைந்திருந்தது, அதன் கரை மணல்தான் காற்றில் ஏறி உள்ளே வந்தது என்று எழுதினார். இந்தப் பகுதியில் கடல் இருந்ததென்னவோ உண்மை. ஜெய்சல்மேர்க் கோட்டையின் மஞ்சள் கல்லே ஜுராசிக் காலத்துக் கடலடியில் படிந்ததுதான். அந்த நகருக்குச் சற்றுத் தொலைவில் ஆகல் என்ற இடத்தில், சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் நின்ற மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. கருங்கல் தூண்போல் தோன்றினாலும் கிட்டே போனால் மரத்தின் வரியும் கணுவும் தெரியும். ஆனால் இந்தக் கடலுக்கும் மேலே கிடக்கும் மணலுக்கும் நடுவே கோடிக்கணக்கான ஆண்டுகள் இருக்கின்றன. இரண்டையும் முடிச்சுப் போட முடியாது.

அடுத்தவர்கள் உப்பைப் பிடித்துக்கொண்டார்கள். சாம்பர், தித்வானா, பச்பத்ரா என்று ராஜஸ்தானில் வரிசையாக உப்பேரிகள். கடற்கரையிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் தள்ளி இவ்வளவு உப்பு எப்படி? டி.எச். ஹாலண்டும் டபிள்யூ.ஏ.கே. கிறிஸ்டியும் 1909-இல் கட்ச் வளைகுடாவின் ரண் வெளியிலிருந்து கோடைக்காற்று உப்புத் தூளை வாரிக்கொண்டு வருகிறது என்றார்கள். வெறும் ஊகமாகச் சொல்லவில்லை, காற்றிலிருக்கும் உப்பைப் பிடித்து அளந்தே சொன்னார்கள். பின்னால் வந்த வேதியியல் ஆய்வுகள், உப்பின் பெரும்பங்கு சுற்றுவட்டாரப் பாறைகள் சிதைந்ததாலும் மழைநீரோடு சேர்ந்தும் வந்தது, வெளியே வழியில்லாத பள்ளங்களில் தேங்கி வற்றி வற்றித் திரண்டது என்ற முடிவுக்குப் போயின. ஆனாலும் தென்மேற்குக் காற்றின் பக்கம் கைகாட்டிய அந்த இருவர் ஒரு முக்கியமான நூலிழையைத் தொட்டுவிட்டுப் போனார்கள். அது என்னவென்று சற்றுப் பொறுத்துப் பார்ப்போம்.

மூன்றாவது பதில் மனிதன். 1967-இல் அமெரிக்க வானிலை அறிஞர் ரீட் பிரைசனும் தொல்லியலாளர் டேவிட் பேரிஸும் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஆடுமாடு மேய்த்தும் உழுதும் மக்கள் புல்லை அழித்தார்கள், புழுதி கிளம்பியது, புழுதிப்படலம் காற்றைக் குளிரவைத்துக் கீழே இறக்கியது, இறங்கும் காற்றில் மேகம் திரளாது, மழை பொய்த்தது, பாலை பிறந்தது என்பது அவர்கள் வாதம். கேட்பதற்கு வெகு பொருத்தமாக இருக்கும். ஆட்டுக்காரன்மேல் பழியைப் போடுவது அதிகாரிகளுக்கும் வசதியாக இருந்தது. இன்றைக்கும் பள்ளிப் பாடங்களில் இதன் வாடை அடிக்கிறது. இந்த வாதம் நிற்க வேண்டுமானால் மணல்மேடுகளின் வயது, அந்த வட்டாரத்தில் மேய்ச்சலும் உழவும் பரவிய காலத்துக்குப் பிந்தியதாக, சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் இருந்தாக வேண்டும். மணலுக்கு வயது பார்க்க அப்போது வழியில்லாததால் வாதம் பிழைத்திருந்தது.

அந்த வழியைத் திறந்தவர்கள் அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்தார்கள். அசோக் சிங்வி, ஒய்.பி. சர்மா, டி.பி. அகர்வால் ஆகியோர் 1982-இல் 'நேச்சர்' இதழில் ராஜஸ்தான் மணல்மேடுகளுக்கு வயது கணித்து எழுதினார்கள். முறை இதுதான். மண்ணுக்குள் புதைந்த மணலின் படிகக்கல் துகளில், சுற்றியுள்ள மண்ணிலிருந்து வரும் மெல்லிய கதிர்வீச்சு கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றலைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். வெயில் பட்டால் அந்தச் சேமிப்பு கரைந்துவிடும். ஆட்டோக்காரர் புதுச் சவாரிக்கு மீட்டரைச் சுழியத்தில் வைப்பதைப் போலத்தான். காற்றில் பறந்த மணலுக்கு வெயிலில் மீட்டர் சுழியமாகும். மேலே அடுத்த அடுக்கு விழுந்து இருட்டாக்கியதும் மறுபடி ஓடத் தொடங்கும். ஆய்வுக்கூடத்தில் அந்தத் துகளைச் சூடேற்றினால் சேர்ந்த ஆற்றல் மங்கிய ஒளியாக வெளிவரும். ஒளியின் அளவிலிருந்து, கடைசியாக வெயில் பார்த்து எத்தனை ஆண்டு ஆயிற்று என்று கணக்கிடலாம்.

இதில் மாதிரி எடுப்பதே ஒரு கலை. மேட்டை நேர்ச்சுவராக வெட்டி, வெளிப்பூச்சைச் சுரண்டிவிட்டு, இரும்புக் குழாயைச் சுத்தியால் அடித்து உள்ளே இறக்குவார்கள். வெளியே இழுத்த நொடியில் இரு முனைகளையும் அடைத்துக் கறுப்பு உறையில் சுற்றிவிட வேண்டும். கொஞ்சம் வெளிச்சம் பட்டாலும் பல்லாயிரம் ஆண்டுக் கணக்கு அழிந்துபோகும். ஆய்வுக்கூடத்தில் மங்கலான சிவப்பு விளக்கில்தான் குழாயைத் திறப்பார்கள். குழாயின் இரு முனையிலும் உள்ள மணலை வெளிச்சம் பட்டதாகக் கருதித் தள்ளிவிட்டு நடுவிலிருப்பதை மட்டும் எடுப்பார்கள்.

இப்படி ஆராயப்பட்ட மேடுகளில் பேர்பெற்றது தித்வானாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆய்வாளர்கள் வைத்த பெயர் '16 ஆர்'. தொல்லியலாளர் வி.என். மிஸ்ராவும் புவியியலாளர் எஸ்.என். ராஜகுருவும் 1980-களில் இதை அகழ்ந்தார்கள். ஏறக்குறைய 18 மீட்டர் ஆழம். நம்மூரில் ஐந்தாறு மாடிக் கட்டடத்தின் உயரம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த வெட்டுச்சுவரில் மணல், பிறகு செம்மை கலந்த பழைய மண், அதன்கீழ் வெளுத்த சுக்கான்கல், மறுபடி மணல் என்று அடுக்கு மாறி மாறி வருகிறது. மணல் அடுக்கு என்றால் காற்று வீசிக் குவித்த காலம். செம்மண்ணும் சுக்கான்கல்லும் என்றால் மழை பெய்து, புல் முளைத்து, மேடு அடங்கிக் கிடந்த காலம். இது ஒருமுறை இருமுறை அல்ல, திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. அடியிலுள்ள மணலின் வயது ஏறத்தாழ இரண்டு லட்சம் ஆண்டு. நடுநடுவே கற்கருவிகள். மணல் குவிந்துகொண்டிருந்த காலத்திலேயே பழைய கற்கால மனிதர்கள் இங்கே வந்து, தங்கி, கல் உடைத்துப் போயிருக்கிறார்கள். அவர்களிடம் ஆடும் இல்லை, ஏரும் இல்லை. பிரைசனின் வாதம் இந்தச் சுவரின் முன்னால் நிற்கவில்லை. மனிதன் பாலையைக் கெடுக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. அதை உருவாக்கியவன் அவனல்ல என்பது மட்டும் இங்கே தீர்ந்துவிட்டது.

ஆனால் சிங்வியும் அவரோடு வேலை செய்தவர்களும் மேடுகளின் வயதுகளை வரிசைப்படுத்தியபோது எதிர்பாராத ஒன்று தெரிந்தது. உலகம் மிகவும் குளிர்ந்து, பனிப்படலம் உச்சத்தில் இருந்தது சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு. அப்போது இந்தியாவில் பருவமழை நலிந்திருந்தது. தித்வானா ஏரியே வற்றி, கட்டியுப்பு படிந்து கிடந்தது. மழையில்லாத அந்தக் காலத்தில்தான் மணல் வெறிபிடித்துப் பறந்திருக்க வேண்டும் என்று யாரும் நினைப்போம். அப்படி நடக்கவில்லை. தார்ப் பாலையில் மேடுகள் மும்முரமாக எழுந்தது அதற்குப் பிந்தி, சுமார் 14,000 முதல் 10,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை. பருவமழை தலையெடுக்கத் தொடங்கிய காலம் அது.

காரணம் காற்று. இங்கே மணலை நகர்த்துவது மார்ச், ஏப்ரலில் தொடங்கி ஜூன், ஜூலை வரை வீசும் தென்மேற்குக் காற்று. அதுவேதான் அரபிக்கடலிலிருந்து மழையையும் சுமந்து வருகிறது. பருவமழை நலிந்த யுகத்தில் அந்தக் காற்றும் நலிந்திருந்தது. மணல் காய்ந்து கிடந்தது, தூக்கிப்போட ஆளில்லை. பிறகு காற்று வலுத்தது. மழை வந்து புல் தழைத்து நிலத்தைப் பிடித்துக்கொள்வதற்கு முன்னால் இருந்த இடைவெளியில், மணல் மலைமலையாகக் குவிந்தது. மழை நன்றாகப் பிடித்த பிறகு மேடுகள் அடங்கின. ஆக, தார்ப் பாலையில் மழைக்கும் மணலுக்கும் ஒரே காற்றுதான் முதலாளி. ஹாலண்டும் கிறிஸ்டியும் தொட்ட நூலிழை என்று சொன்னது இதைத்தான். பாலை என்றாலே வறட்சி கூடக்கூட வளர்வது என்று எண்ணிப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் குழப்பமாகவே இருக்கும்.

மேடுகளின் உருவமே இந்தக் கதையைச் சொல்கிறது. தாரில் அதிகம் காணப்படுவது லாட வடிவ மேடு. இரண்டு நீண்ட கைகள் தென்மேற்கே நீண்டிருக்க, மூக்கு வடகிழக்கே துருத்திக்கொண்டு நிற்கும். மொட்டை மணலில் இந்த உருவம் வராது. ஓரங்களில் புதர் வேரூன்றி மணலைப் பிடித்துக்கொள்ள, நடுப்பகுதி மட்டும் காற்றோடு முன்னேறினால்தான் வரும். அதாவது, மழையும் காற்றும் இழுபறி செய்யும் இடத்தில்தான் வரும். சஹாராவின் படங்களில் நாம் பார்க்கும் வழவழப்பான மணல் அலைகளை எதிர்பார்த்து ஜெய்சல்மேர் பக்கம் போகிறவர்கள், சாம் கிராமத்தில் ஒட்டகச் சவாரிக்காக விட்டுவைத்த சிறு பகுதியைத்தான் பார்த்துவிட்டு வருகிறார்கள். மீதிப் பாலை புதரும் முள்ளும் வயலும் ஊருமாக இருக்கிறது. உலகிலேயே மக்கள் மிக நெருக்கமாக வாழும் பாலைவனம் இதுதான்.

இவ்வளவு பெரிய மழைக்காற்று வந்தும் இந்த இடம் ஏன் வறண்டிருக்கிறது? ஆரவல்லி மலைத்தொடர் காற்றின் திசைக்கு இணையாக நிற்கிறது, காற்றைத் தடுத்து மேலேற்றவில்லை, அதனால் மழையில்லை என்று பள்ளியில் படித்திருப்போம். பாதி உண்மை. சமவெளியிலும் மலையில்லாமல் மழை பெய்யத்தானே செய்கிறது? ஜூலையில் ராஜஸ்தானின் மேல் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. அந்த ஈரம் மேலேறிக் குளிர்ந்தால்தான் மேகமாகும். மேலேறவிடாமல் உயரத்திலிருந்து ஒரு காற்று கீழ்நோக்கி அழுத்துகிறது. இந்திய வானிலை அறிஞர் பி.கே. தாஸ் 1960-களின் தொடக்கத்திலேயே இந்த இறங்குகாற்றைக் கணக்கிட்டுக் காட்டினார். அது எங்கிருந்து வருகிறது என்பதை 1996-இல் மார்க் ராட்வெல், பிரையன் ஹாஸ்கின்ஸ் ஆகிய இருவர் விளக்கினார்கள். வங்காள விரிகுடாவின் மேலும் இமயமலை அடிவாரத்திலும் கொட்டும் மழை ஏராளமான வெப்பத்தை மேலே விடுகிறது. அங்கே குபுகுபுவென மேலேறும் காற்று, தொலைவில் இன்னொரு பக்கம் காற்றை இறங்கவைக்கிறது. அது இறங்குவது மேற்கே, தாரிலிருந்து ஈரான் வழியாக சஹாரா வரை. சிரபுஞ்சியில் கொட்டும் மழையும் பார்மேரில் கொட்டாத மழையும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள். இந்தியாவில் பருவமழை கடைசியாக வந்து சேர்வதும் முதலில் மூட்டை கட்டுவதும் மேற்கு ராஜஸ்தானில்தான்.

இனி ஏரிகளுக்கு வருவோம். மணல் காற்றின் கணக்கை வைத்திருக்கிறது என்றால், மழையின் கணக்கு ஏரிச் சேற்றில் இருக்கிறது. குர்தீப் சிங் என்ற தாவர அறிஞர் சாம்பர், தித்வானா, லூங்கரன்சர் ஏரிகளின் அடிச்சேற்றைத் துளையிட்டு எடுத்து, அதில் சிக்கிய மகரந்தத் துகள்களை எண்ணினார். எந்தக் காலத்தில் புல் அதிகம், எந்தக் காலத்தில் நீர்த்தாவரம் அதிகம் என்பது மகரந்தத்தில் தெரிந்துவிடும். 1971-இல் வெளியான அவர் முடிவு நாடெங்கும் பேசப்பட்டது. மழை நன்றாகப் பெய்த காலத்தில் சிந்து நாகரிகம் செழித்தது, மழை போனதும் அழிந்தது என்றார். பாடநூல்காரர்களுக்கு இதைவிட வசதியான கதை ஏது?

1999-இல் யெஹூடா என்செல் தலைமையிலான குழு லூங்கரன்சர் ஏரியை மறுபடி தோண்டி, நுட்பமாக வயது கணித்து 'சயன்ஸ்' இதழில் எழுதியது. பிகானேருக்கு வடகிழக்கே உள்ள அந்த ஏரி, ஹரப்பாவின் பெருநகரங்கள் எழுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே வற்றிவிட்டது என்று தெரியவந்தது. அதாவது, தார் ஓரத்து நகரங்கள் செழித்தது வறண்ட காலத்தில். அவை நம்பியிருந்தது தலைக்கு மேல் பெய்யும் மழையை அல்ல, ஆற்றை.

எந்த ஆற்றை என்றால் சண்டை தொடங்கிவிடும். ஹரியானா வழியாக வந்து, ஹரப்பா காலத்து ஊரான காளிபங்கனை ஒட்டிப் போகும் காக்கர், எல்லைக்கு அப்பால் ஹாக்ரா என்ற பெயரில் மணலுக்குள் மறைந்துபோகிறது. அகலமான படுகை, ஆனால் மழைக்காலத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணீர். பழைய நூல்கள் சொல்லும் சரஸ்வதி இதுதானா என்ற விவாதத்துக்கு இந்தத் தொடரில் இடமில்லை. நிலம் சொல்வதை மட்டும் பார்ப்போம். 2017-இல் அஜித் சிங், சஞ்சீவ் குப்தா உள்ளிட்டோர் காளிபங்கன் அருகே படுகையைத் துளையிட்டு, அங்கே இமயத்திலிருந்து வந்த சாம்பல்நிற மணலைக் கண்டார்கள். அது சட்லெஜ் கொண்டுவந்த மணல். சட்லெஜ் அந்தத் தடத்தை விட்டு விலகியது சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன். ஹரப்பா மக்கள் வீடு கட்டியபோது பேராறு போய்விட்டிருந்தது. அது விட்டுப்போன பள்ளத்தாக்கில், மழையால் ஓடிய சிற்றாறும் நல்ல வண்டலும் நிலத்தடி நீரும் இருந்தன. வெள்ளத்துக்குப் பயமில்லாத ஆற்றங்கரை அது. ஊர் வைக்க அதைவிட நல்ல இடம் வேண்டுமா?

ஆறு விட்டுப்போன மணல் சும்மா கிடக்கவில்லை. இமயம் தேய்ந்து சிந்துவிலும் அதன் கிளைகளிலும் வந்த மணல்தான் தார்ப் பாலைக்குப் பெரிய சரக்கு. சிந்துவின் கரையிலிருந்து தென்மேற்குக் காற்று அதை வாரிக்கொண்டு கிழக்கே போட்டது. உள்ளூர்ப் பாறை சிதைந்த மணலும் அதோடு கலந்தது.

மக்கள் இந்த மண்ணில் வாழக் கற்றுக்கொண்ட விதத்துக்கு ஒரு தனி இதழே எழுதலாம். பாறைச் சரிவில் ஓடிவரும் நீரை நீண்ட மண்கரையால் மறித்து, அது ஊறிய பிறகு அந்த ஈரத்திலேயே கோதுமை விதைக்கும் 'கடீன்', வாசலில் தொட்டி கட்டி மழைநீரைப் பூட்டிவைக்கும் 'டாங்கா' எல்லாம் நூற்றாண்டுகளாக இருக்கின்றன. ராஜஸ்தானில் கேஜ்ரி என்று அழைக்கும் வன்னி மரத்துக்காக 1730-இல் ஜோத்பூர் அருகே பிஷ்னோய் சமூகத்தினர் 363 பேர் உயிர்விட்டதும் பலருக்குத் தெரிந்த கதை. வயல் நடுவே நிற்கும் வன்னியை உழவர்கள் வெட்டுவதில்லை. அதன் நிழலில் கம்பு நன்றாக விளையும், தழை ஆட்டுக்கு, காய் கறிக்கு.

மேடுகளைக் கலைத்தது ஆடு என்பதைவிட டிராக்டர் என்பது சரி. ஒட்டகம் பூட்டிய ஏர் புதரைச் சுற்றிக்கொண்டு போகும். மேட்டின் உச்சி வரை ஏறாது. 1970-களுக்குப் பிறகு பரவிய டிராக்டர், புதர் வேரோடு பெயர்த்துச் சரிவு முழுவதையும் உழுதது. மணலைப் பிடித்துவைப்பதில் கெட்டிக்காரச் செடியான ஃபோக், இன்னொரு பக்கம் விறகுக்காக வேர்வரை தோண்டி எடுக்கப்பட்டது. பல்லாயிரம் ஆண்டு அடங்கிக் கிடந்த மேடுகளின் உச்சியில் புது மணல் கிளம்பி ஊர்ச்சாலைகளில் விழுந்தது இப்படித்தான். காஸ்ரிக்காரர்கள் முள்வேலியைக் காற்றுக்குக் குறுக்கே வரிசை வரிசையாக நட்டு, நடுவே இஸ்ரேலிலிருந்து 1958-இல் வந்த ஒருவகைக் கருவேலத்தை வளர்த்து, பல மேடுகளை மறுபடி கட்டிப்போட்டார்கள். அதற்கும் முன்பே, 1913 வாக்கில், இன்னொரு மரம் ஜோத்பூருக்கு வந்துவிட்டது. 1940-இல் அந்தச் சமஸ்தானத்தின் ராஜா அதைத் தனிப் பாதுகாப்புக்குரிய மரமாகவே அறிவித்தார். ராமநாதபுரத்துக்காரர்களுக்கு அதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சீமைக் கருவேலம். மணலைப் பிடித்தது உண்மை, வன்னியின் இடத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது.

எல்லாவற்றையும் விடப் பெரிய மாற்றம் கால்வாயால் வந்தது. பிகானேர் மகாராஜா கங்கா சிங் 1927-இலேயே சட்லெஜ் தண்ணீரைக் கங்கா கால்வாய் வழியாகத் தன் நாட்டின் வடக்கு மூலைக்குக் கொண்டுவந்திருந்தார். பொறியாளர் கன்வர் சேன் 1948-இல் இன்னும் பெரிதாகத் திட்டமிட்டார். 1958-இல் வேலை தொடங்கி, 1961-இல் முதல் தண்ணீர் விடப்பட்டு, பஞ்சாபின் ஹரிகே அணையிலிருந்து 649 கிலோமீட்டர் கடந்து 1987 புத்தாண்டு நாளில் ஜெய்சல்மேர் மாவட்டத்தின் மோகன்கர் வரை வந்து சேர்ந்தது. இன்று அதன் பெயர் இந்திரா காந்தி கால்வாய். கம்பும் பயறும் அரிதாக விளைந்த இடத்தில் பருத்தி, கோதுமை, கடுகு வந்தன. ஆனால் மணலுக்குக் கீழே பல இடங்களில் களியும் ஜிப்சமும் கெட்டித் தளமாகக் கிடப்பதை யாரும் போதிய அளவு பொருட்படுத்தவில்லை. பாய்ச்சிய நீர் கீழே இறங்க வழியின்றி மேலே ஏறியது, உப்பையும் கூட்டிவந்தது. ஹனுமான்கர் பக்கம் வயல்கள் சேறாகி வீடுகள் சரிந்தன. அங்கே இந்த நோய்க்கு 'சேம்' என்று பெயர். தண்ணீருக்காக ஏங்கிய ஊர்கள் தண்ணீரால் காலி செய்யப்பட்டன.

மழையும் இப்போது தன் பங்குக்கு மாறுகிறது. பி.என். கோஸ்வாமி உள்ளிட்ட வானிலை அறிஞர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வு, 1901-க்கும் 2015-க்கும் இடையே வடமேற்கு இந்தியாவின் வறண்ட பகுதிகளில் மழை 10 முதல் 50 சதவீதம் வரை கூடியிருப்பதாகச் சொல்கிறது. இந்தியப் பெருங்கடல் சூடாகும் விதத்தால் பருவமழை மேற்கு நோக்கி நகர்கிறது, இந்த நூற்றாண்டிலேயே தார் பசுமையாகலாம் என்பது அவர்கள் கணிப்பு. '16 ஆர்' சுவரைப் பார்த்தவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்காது, இதற்கு முன்பும் இப்படி ஆகியிருக்கிறது. ஆனால் முந்தைய மாற்றங்களின்போது அங்கே இத்தனை ஊர்களும் வீடுகளும் இல்லை.

2006 ஆகஸ்டில் அதற்கு ஒரு முன்னோட்டம் நடந்தது. பார்மேர் மாவட்டத்தில் ஆண்டு முழுதும் பெய்வதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு மழை மூன்றே நாளில் கொட்டியது. வெகுகாலமாக ஓடாமல் கிடந்த ரோஹிலி ஆற்றுப் படுகையில் காவாஸ், மல்வா என்ற ஊர்கள் குடியேறியிருந்தன. ஆறு வழி கேட்டு வந்தது. மாவட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், ஆயிரக்கணக்கான கால்நடைகள் மிதந்தன. பாலைவனத்தில் மக்களை மீட்க ராணுவம் படகுகளைக் கொண்டுவந்தது. வெள்ளம் வடிந்தால் மணல் உறிஞ்சிக்கொள்ளும் என்று எதிர்பார்த்தார்கள், அது உறிஞ்சவில்லை. வாரங்கள் மாதங்களாகியும் தண்ணீர் தேங்கியே நின்றது, இறைப்பான் வைத்து இறைக்க வேண்டியதாயிற்று. காரணம், காவாஸ் மண்ணுக்கடியில் ஜிப்சம் தளம் கிடக்கிறது. அதைத் தோண்டி எடுப்பது அந்த ஊரின் பழைய தொழில்களில் ஒன்று. ஜிப்சம் படிய வேண்டுமானால் அங்கே நீர் நிலையாகத் தேங்கி, பிறகு வற்றியிருக்க வேண்டும். முன்பொரு மழைக்காலத்தில் அங்கே இருந்து வற்றிப்போன நீர்நிலையின் தரைமேல்தான் 2006-இன் வெள்ளம் வந்து உட்கார்ந்தது. ஊரை அதன்பின் மேட்டுப் பகுதிக்கு மாற்றுவது பற்றிப் பேசினார்கள். மேடு என்று அங்கே இருப்பவை மணல்மேடுகள்தான்.

(தொடரும்)